அம்மா பெயர் ஒட்டிய டப்பா

ஒன்பது வயதில் நான் என் அம்மாவுக்குப் பதிலாகச் சிறுநீர் கொடுத்தேன். படிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும், சுளித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் முந்திரிக்காடு. அப்பா குவைத்தில் டிரைவர், வெள்ளிக்கிழமைகளில் போனில் மட்டும் வருவார். அம்மா ரோட்டோரம் கீற்றுக் கொட்டகைக்குள் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை வறுத்து, உடைத்து, போகிற வருகிற கார்களுக்கு விற்பாள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப்பட்டு அவள் விரல்நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். குழம்பு ஊற்றிப் பிசைந்தால் எரியும் என்று ஸ்பூனால்தான் சாப்பிடுவாள். ஊரில் ஸ்பூனால் சோறு தின்ற ஒரே ஆள் அவள்தான். துரைசாணி என்று அதற்கும் ஒரு கேலி.

அப்போதுதான் கம்பெனி வந்தது. அதன் முழுப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் ஊரில் யாரும் இல்லை, கம்பெனி என்றால் கம்பெனி. முதல் வருஷம் குளத்தைத் தூர்வாரிக் கரையில் கன்று நட்டார்கள். கன்றை விட போர்டு உயரமாக இருந்தது. அடுத்த வருஷம் பெண்களுக்காக முந்திரி உடைக்கும் மெஷின்களோடு ஒரு ஷெட் கட்டினார்கள். கைக்கு உறை, தலைக்கு மேல் ஃபேன், மாசமானால் சம்பளம். அம்மா அந்த ஷெட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதில் ஒருத்தியாக உட்கார்ந்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அதன் பின்னால் ஒரு பேச்சு கிளம்பியது. சர்க்கரை உள்ளவர்களைச் சேர்க்க மாட்டார்களாம், அந்த எண்ணெய் பட்ட புண் அவர்களுக்கு ஆறாதாம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. குழாயடியில் கேட்டது, ரேஷன் கடைக்கு வரும்போது சட்டமாகிவிட்டது. அம்மாவுக்கு அது இடி. அவளுடைய அண்ணன், என் பெரிய மாமா, சர்க்கரையில் கால் கட்டைவிரலை இழந்தவர். அடுப்புப் புகையில் அவளுக்கும் அடிக்கடித் தலை சுற்றும். தனக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்று அவளே முடிவு செய்து வைத்திருந்தாள்.

யோசனை சொன்னது அத்தை. அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தாலும் எங்கள் வீட்டு மந்திரி அவள்தான்.

"ஏம்புள்ள, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே? மொதல்ல மூத்திரம்தான் புடிச்சுக் குடுக்கச் சொல்றாங்க. அதுல என்னமாச்சும் தெரிஞ்சாத்தான் ரத்தம் எடுப்பாங்களாம். ஒம்மகளோடதக் குடு. பெரியவுகளோடதுல ஆயிரம் கெடக்கும். பச்சப்புள்ளையோடது பளிங்கு மாதிரி இருக்கும்."

அம்மா தயங்கினாள். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவளுக்கென்ன பஞ்சமா? அதுதான் ஊத்தா ஊத்துதே."

அது உண்மை. அந்த வருஷம் எனக்கு அடங்காத தாகம். வகுப்பில் நான் எழுந்து எழுந்து பானைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, இவளைக் குளத்துப் பக்கம் விடாதீர்கள், தூர்வாரித் தேக்கின தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடுவாள் என்று வாத்தியார் சொல்ல, பள்ளிக்கூடமே சிரித்தது. பாயை வேறு நனைக்க ஆரம்பித்திருந்தேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய மானக்கேடு. பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டாள். நான் குளிக்கிற வாளியிலிருந்து திருட்டுத்தனமாகக் குடித்தேன். ஆளும் இளைத்துக்கொண்டே போனேன். பூச்சியாக இருக்கும் என்று அத்தை மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், வளர்கிற பிள்ளை அப்படித்தான் என்று அம்மா பாவாடையைப் பிடித்துத் தைத்தாள்.

முகாம் அன்று பள்ளிக்கூடத்தில் பந்தலும் பேனருமாகத் திருவிழாக் கூட்டம். அம்மா பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். கக்கூஸ் வாசலில் அத்தை காவல். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். நான் பதிலுக்கு ஒரு கூல்டிரிங்ஸ் கேட்டேன், ஒப்புக்கொண்டாள். பாதி டப்பா போதும் என்றார்கள். நான் விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தேன். பரீட்சை எதிலும் பக்கத்தை நிரப்பாத எனக்கு அது ஒரு வெற்றி.

ஒரு மணி நேரம் கழித்து மைக்கில் அம்மா பெயரைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அம்மா கூட்டத்துக்குள் பின்வாங்கினாள். அத்தைதான் தள்ளிக்கொண்டு போனாள், நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

டாக்டரம்மா எழுந்து நின்று அம்மாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "தலை சுத்துதாம்மா? வாந்தி வருதா? எப்படி இவ்வளவு நேரம் நின்னீங்க?"

"நல்லாத்தாங்க இருக்கேன்" என்றாள் அம்மா.

கறுத்த விரல் ஒன்றைத் துடைத்து, ஊசியால் குத்தி, சின்ன மெஷினில் பார்த்தார்கள். டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு விரலில் குத்தினார்கள். மறுபடியும் பார்த்துவிட்டு லேப் பெண்ணிடம் திரும்பினார்.

"இவங்களுக்குச் சர்க்கரையே இல்லையே. டப்பா மாறிடுச்சும்மா."

எங்கள் திட்டம் ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

டாக்டரம்மா முகம் மட்டும் தெளியவில்லை. "இந்த டப்பா யாரோடதுன்னு உடனே கண்டுபிடிக்கணும். சர்க்கரையோட கீட்டோன்ங்கிற அமிலமும் எக்கச்சக்கமா இருக்கு. இந்த ஆள் தண்ணி தண்ணின்னு குடிச்சுக்கிட்டே இருப்பாங்க, எளச்சுக்கிட்டே போவாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டா உயிர் தங்காது. எல்லாரையும் திரும்பக் கூப்பிடு." பிறகு அம்மாவிடம், "ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போகலாம்" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அம்மா சீட்டை வாங்கிக்கொண்டாள். அத்தை அவள் கையைப் பிடித்து விறுவிறுவென்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் மைக் அலறியது, காலையில் டப்பா கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் மறுபடி வர வேண்டுமாம். நான் ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினேன். கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் அம்மா ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் முக்கால் பாட்டிலைக் குடித்தேன். குடித்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்றேன்.

அம்மா என் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நிமிஷம் பாட்டிலைப் பிடுங்கி ரோட்டில் வீசினாள். என்னை இடுப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் ஓடினாள். ஒன்பது வயதுப் பிள்ளையை அப்படித் தூக்க முடிந்திருக்கிறது என்றால் நான் எவ்வளவு லேசாகப் போயிருக்க வேண்டும். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் டாக்டரம்மா காலடியில் உட்கார்ந்தாள்.

"அது எம்மகளோடதுங்க. நாந்தாங்க மாத்திக் குடுத்தேன். எனக்கு வேல வேண்டாங்க, இவளப் பாருங்க."

என் விரலில் குத்தினார்கள். மெஷினில் எண்ணே வரவில்லை. அந்த மெஷினால் எண்ண முடிகிற அளவைத் தாண்டிவிட்டால் அப்படித்தான் ஆகுமாம். டாக்டரம்மா வேன் டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே அம்மாவைக் கேட்டார்: "சர்க்கரை இருந்தா வேலைக்கு எடுக்க மாட்டோம்னு யாரும்மா சொன்னது? கண்டுபிடிச்சு மருந்து குடுக்கத்தானே வந்திருக்கோம்."

அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அத்தை வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு பந்தக்கால் அடியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு வேலை கிடைத்தது. எனக்கு அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு ஊசி, இன்றுவரை. அடுத்த வருஷம் கம்பெனி போட்ட வழவழப்பான புத்தகத்தில் என் படம் வந்தது, முகாமில் உரிய நேரத்தில் நோய் கண்டறியப்பட்ட சிறுமி என்று. அந்த முகாம் சிறுமிகளுக்கானதே இல்லை என்பதை அவர்கள் எழுதவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எங்கள் திருட்டுத்தனத்துக்கு அதைவிட நல்ல பெயர் யாரால் வைக்க முடியும்.

வேனில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நான் அம்மாவோடு பேசவில்லை. கோபம். அவள் தலைமேல் செய்த சத்தியத்தை நான் காப்பாற்றினேன், அவளே போட்டு உடைத்துவிட்டாள். கூல்டிரிங்ஸையும் முழுசாகக் குடிக்க விடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என் முழங்காலில் நெற்றியை வைத்து, "மன்னிச்சுரு ஆத்தா, மன்னிச்சுரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேலை போய்விட்ட துக்கம் என்று நினைத்தேன்.

எனக்கு இருபது வயதானபோது, ஊசிக்கு மருந்தை எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரே ஒரு முறை அதைச் சொன்னாள். "டாக்டரம்மா தண்ணி தண்ணின்னு சொல்றப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுடி. தெரிஞ்சும் அந்தச் சீட்ட வாங்கிக்கிட்டு கடை வரைக்கும் நடந்தேன்."

அன்றைக்கு வேனில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அவள் அழுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெரிய மனசு பண்ணி அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "சரி விடும்மா, திரும்பி வரும்போது வேற ஒண்ணு வாங்கிக் குடு" என்றேன்.