பேர் போட்டு எழுதிய அறிக்கை

இருபத்திரண்டு வருடம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரச்சோதனை பார்த்தவன் நான். அங்கே ஒரு போல்ட்டின் அளவு மயிரிழை பிசகினாலும் யார் கை பட்டது, எத்தனை மணிக்கு என்று பேரோடு எழுத வேண்டும். அந்த ஆளிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மெமோ வாங்கியவன் இரண்டு நாள் முறைப்பான். மூன்றாம் நாள், "இன்னாய்யா, என் பேர எழுத அவ்ளோ ஆசையா உனக்கு?" என்று டீக்கு இழுத்துப் போவான். அரசாங்க வேலை, யார் தொட முடியும்?

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். மேனேஜரை எல்லோரும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரன்தான் கைகொடுத்தான். சிங்கப்பெருமாள் கோயில்காரன், முப்பது வயது. நான் கம்ப்யூட்டர் முன்னால் முழிக்கும்போதெல்லாம், "நவுரு அண்ணாத்த" என்று அவனே சரி பண்ணித் தருவான். அவன் மனைவி அப்போது ஆறு மாதம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் சோதிக்காமல் மென்பொருளில் ஒரு மாற்றத்தை ஏற்றிவிட்டான். வாடிக்கையாளரின் வேலை மூன்று மணி நேரம் நின்றுபோனது. "என்ன நடந்ததுன்னு எழுதுங்க சார். யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல, கத்துக்கத்தான்" என்றார் மேனேஜர். இந்தக் கம்பெனியில் அப்படி எழுதுவதில் யாருமே பேர் போடுவதில்லையாம். எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பேர், மணி, நிமிஷம் எல்லாம் போட்டு மூன்று பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். ஒழுங்காகச் செய்தோம் என்று பெருமை வேறு, தூ!

அந்த மெயில் மேலே மேலே போயிருக்கிறது. அடுத்த மாதம் ஆள் குறைப்பு வந்தபோது அவனை உள்ளே கூப்பிட்டார்கள். என் அறிக்கையைத்தான் மேசைமேல் வைத்திருந்தார்களாம்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். "நான் செஞ்சது தப்புதான், இல்லன்னு சொல்லல. எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"ஃபேக்டரில எங்களுக்கு அதாம்ப்பா வழக்கம்" என்றேன்.

"அங்க வேல போவாது. இங்க போவும். வூட்ல இப்ப நான் இன்னா சொல்றது?"

அழுகை முட்டியது. அவன் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை?

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உங்க ரிப்போர்ட் ரொம்பத் தெளிவு சார். இனிமே எல்லாத்துக்கும் நீங்களே எழுதுங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்றுதான் வந்தது. எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது.