அறுக்காத கடைசி மடிப்பு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாம், கோபப்பட மாட்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபீஸில் எனக்கு மேலே இருந்த துரை கப்பல் ஏறும்போது கொடுத்த குழந்தைகள் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்களில் தாள்களை மடித்தபடியே தைத்துவிடுவார்கள், ஓரத்தைக் கத்தியால் அறுத்தால்தான் உள்பக்கம் தெரியும். என் மகள் செல்விக்கு ஆறு வயது. தினமும் அவள் படுக்கும்போது ஒரு மடிப்பை அறுத்து, வாய்விட்டுப் படித்து, தமிழில் சொல்வேன். மாதா கோயில் மணிக்கூண்டில் இருக்கிற எலி ஒன்று கடல் பார்க்கக் கிளம்புகிற கதை.

பாதிக் கதையில் அவளுக்கு டைபாய்டு வந்துவிட்டது. ஜுரத்திலும் கதையை நிறுத்தவில்லை. மூன்றாவது வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னிக்கு ராத்திரி தாண்டிட்டா பொழைச்சிக்கும்” என்றார்.

அன்று ராத்திரி என் மனைவி தனம் செல்வி நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள், எனக்கென்று செய்ய எதுவும் இல்லை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தியை வைப்பதற்குள் செல்வி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“எலி கடற்கரைக்கு வந்துடுச்சிப்பா. அங்க துடுப்பு இல்லாத படகு ஒண்ணு நிக்குது.”

ஜுரத்தில் உளறுகிறாள் என்று நினைத்து அறுத்தேன். நம்பினால் நம்புங்கள், உள்ளே அதேதான் இருந்தது, படத்தில்கூடப் படகுக்குத் துடுப்பு இல்லை. இனி பாக்கி ஒரே மடிப்பு.

“படகுக்காரன் ஏறச் சொல்றாம்பா” என்றாள். அவள் காலைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது.

கத்தியை வீசிவிட்டு, “எலி ஏறலம்மா, திரும்பி நடக்குது” என்றேன்.

“அவன் கூப்புட்றாம்பா.”

“கூப்புடட்டும். எலிக்குக் காது கேக்கல.”

வைத்திக்குப்பத்துப் படகுகளைத் தாண்டி, முத்தியால்பேட்டைக் கடைத்தெரு வழியாக, கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு, எங்கள் வாசல், அவள் படுத்திருந்த பாய் வரைக்கும் அந்த எலியை அடி அடியாக நடத்திக் கூட்டிவந்தேன். வந்து சேர்ந்ததும் மறுபடி கடற்கரையிலிருந்து தொடங்கினேன், நிறுத்தினால் பிள்ளை போய்விடுவாள் என்ற பயம். தொண்டை கட்டிப்போய், அழுதுகொண்டே சொன்னேன், தனம் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தாள். விடிகிற நேரம் செல்விக்கு வியர்த்துக் கொட்டியது. “பசிக்குதும்மா” என்றாள்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, பட்டப்பகலில், அந்தக் கடைசி மடிப்பை அறுத்தேன். அச்சில் இருந்ததைச் சொல்கிறேன். எலி படகில் ஏறவில்லை, வீட்டுக்குத் திரும்பி நடந்தது. படகுக்காரன் கோபித்துக்கொள்ளவில்லை. படகைக் கட்டிப்போட்டுவிட்டு, வீடு எது என்று தெரிந்துகொள்ள அதன் பின்னாலேயே நடந்தான். அதோடு கதை முடிந்துவிட்டது.

அந்த வாரமே வீடு மாற்றினேன். தனம் கேட்டதற்குக் கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். செல்விக்கு இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். செல்வியைப் பார்க்கப் போனால் இன்றும் நான் நேர்வழியில் போவதில்லை. நாலு தெரு சுற்றி, முனையில் நின்று பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.