கடைசி பேக்கப்

விற்கும்போது தேனொழுகப் பேசுகிறவர்கள், கை கழுவும்போது ரெண்டு வரி மெயிலோடு முடித்துக்கொள்வார்கள். எங்கள் ஆபீஸுக்கு டேட்டாபேஸ் விற்ற கம்பெனியும் அப்படித்தான். இன்ன வகை சர்வர்களுக்கு இனி சப்போர்ட் கிடையாது, வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்கள். கல்லுக்குண்டாட்டம் ஓடிக்கொண்டிருந்த மெஷின். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். யாரைக் கேட்பது?

சர்வர் சென்னையில் இருந்தது. உத்திரமேரூரில் வீட்டிலிருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டது என் கணவர். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில், செங்கல்பட்டு ரோட்டில் லாரி அடித்து அவர் போய்விட்டார். எனக்கும் அதே ஆபீஸ்தான். அவர் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். நான் மறுக்கவில்லை. காரணம் ஒரு மெயில்.

தினமும் விடியும்போது சர்வர் தன்னிடம் இருப்பதை எல்லாம் நகல் எடுத்து வைக்கும். அதுதான் பேக்கப். முடிந்ததும் தானாகவே எனக்கு ஒரு மெயில் வரும்படி அவர் எழுதி வைத்திருந்தார். இங்கிலீஷ் எழுத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு: “பேக்கப் முடிஞ்சிட்ச்சி. நாஷ்டா துன்னியா, இல்ல ஸ்கிரீனயே பாத்துக்கினு கீறியா?” நான் படிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிப்பார், குறும்புக்காரர்.

அவரை எடுத்துக்கொண்டு போன அன்று காலையிலும் அந்த மெயில் வந்தது. பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும். எனக்குத்தான் மறுநாளும் மெயில் வந்ததே.

சர்வரை மாற்றும் வேலை என் கையால்தான் நடந்தது. மேனேஜருக்கு விஷயம் தெரியும், நல்ல மனுஷர். “அந்த வரியப் புதுசுலயும் போட்டுக்கோங்கம்மா, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க” என்றார். போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் எழுதி நானே அனுப்பிக்கொண்டால், சாப்பிட்டாயா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதுதானே? அழித்துவிட்டேன்.

பழைய சர்வரை நிறுத்துமுன் கடைசியாக ஒரு பேக்கப் எடுப்பது எங்கள் தொழில் வழக்கம். எடுத்தேன். மெயில் வந்தது. திரும்பத் திரும்பப் படித்துவிட்டு சர்வரை நிறுத்தினேன்.

மறுநாள் புது சர்வரிலிருந்து மெயில் வந்தது. வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று இங்கிலீஷில் ஒரு வரி, அவ்வளவுதான். ஊருக்கு அவர் செத்து நாளாகிவிட்டது. எனக்கு அன்றைக்குத்தான் செத்தார். வாய்விட்டு அழுதேன். சத்தம் கேட்டு, அடுப்படியில் இருந்த மாமியார் ஓடி வந்தார்.

“இன்னாமா ஆச்சி?”

“அவரு பாத்துக்கினு இருந்த சர்வர நிறுத்திட்டேன் அத்தை. அந்த வேலை முடிஞ்சிட்ச்சி.”

“நல்லபடியா முடிச்சிக் குட்த்துட்ட இல்ல? அப்புறம் ஏன் இப்டி அழுவுற?”

“நல்லபடியாத்தான் முடிச்சேன் அத்தை” என்றேன்.