கண்ணாடித் தகட்டில் எங்கள் அக்கா

கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அக்காவின் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களிடம் சொல்ல வேண்டியதை இந்த நினைவு மலரில் எழுதியே தருகிறேன்.

அக்கா லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா காலமானபோது நான் தவழும் பிள்ளை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனதும், மாமாவைக் கலியாணம் செய்து அடுத்த லய வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனதும் பிறகுதான். அங்கும் என்னை அழைத்துக்கொண்டே போனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவின் காதுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. பொன்னுக்குவீங்கி என்று லயத்தில் எல்லோரும் முடிவு செய்தார்கள். பொன் பட்டால் வற்றிவிடும் என்று பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அக்காவின் கழுத்தில் போட்டார். மாதங்கள் போயும் வற்றவில்லை.

"சங்கிலியத் திருப்பிக் குடுக்க மனசில்ல. அதான் வீக்கத்தப் பத்திரமா வச்சிருக்கா" என்று மாமா சீண்டினார்.

"நீங்க ஒன்னு வாங்கிப் போட்டிருந்தா எப்பவோ வத்தியிருக்கும்" என்றார் அக்கா.

வீக்கம் கட்டியாக இறுகியதும் மாமாவின் கேலி நின்றது. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டியை வெட்டி எடுத்தார்கள். அதற்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று தெரியும் என்றார் டொக்டரம்மா. முடிவு வரும்வரை மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அக்காதான் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

எச்சில் சுரப்பியில் மெதுவாக வளரும் கட்டி, புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. மாமா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

டொக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். "இந்த மாதிரிக் கட்டியில என்னென்ன புரதம் இருக்குன்னு படிக்கிறேன். மிச்சத் துண்டை வச்சுக்கட்டுமா?"

கூட வந்திருந்த பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒடம்பு ஒரு எடம், சதை ஒரு எடமா? மண்ணுக்குப் போறப்ப முழுசா போகணும், தாயி."

அக்கா யோசித்துவிட்டு, "எனக்கும் காட்டுறதா இருந்தா வச்சுக்கங்க" என்றார்.

டொக்டரம்மா சொன்னபடியே செய்தார். அடுத்த வருடம் மறுபடி உடம்பைக் காட்டப் போனபோது அக்காவை நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார வைத்தார். கண்ணாடித் தகட்டில் இருந்த அக்காவின் கட்டியின் மெல்லிய சீவலில், தேடிய புரதம் உள்ள இடம் மட்டும் பழுப்பாகவும் மற்ற இடம் நீலமாகவும் தெரியும் என்று விளக்கினார்.

அக்கா நெடுநேரம் பார்த்தார். "தேத்தண்ணி நெறம். தோட்டத்துச் சதைதான், சந்தேகமில்ல" என்றார். டொக்டரம்மா சிரித்துவிட்டார். அக்கா தொடர்ந்தார்: "நல்லாப் படிங்க. இன்னொருத்திக்கு வந்தா என்னாட்டம் சங்கிலியப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கக் கூடாது."

அதன் பிறகு லயத்தில் யாருக்குக் காதடியில் வீங்கினாலும், "சங்கிலியையும் போட்டுக்க, ஆஸ்பத்திரிக்கும் போ" என்று அக்காவே பஸ் ஏற்றிவிடுவார். கட்டி அவருக்குத் திரும்ப வரவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். சென்ற வருடம் நெஞ்சு வலியால் அமைதியாகக் கண்ணை மூடினார்.

சங்கிலி தந்த பெரியம்மாவுக்கும், பெட்டி சுமந்த தோட்டத்து மக்களுக்கும், தேயிலை மலையடியில் குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்று பெரியம்மா என் காதோடு, "அந்தத் துண்டு இன்னும் டொக்டரம்மாக்கிட்டதான் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப அவங்களுக்கும் சொல்லி அனுப்பு. அவங்களும் நம்ம வீட்டு ஆளுதான்" என்றார்.

அதனால்தான் இம்மலரின் முதற்பிரதி பதுளைக்குப் போகிறது.