பிரிக்காத பெட்டி பழசான கதை

எனக்கு நிச்சயமாகியிருந்தவனுக்கு வீடியோ கேம் என்றால் உயிர். இதை வீட்டில் போய்ச் சொன்னவள் நான்தான். என் வாயில் கொள்ளியை வைக்க.

பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். உங்க பிள்ளைக்கு நீங்க ஆசப்பட்டத செய்யுங்க, அது போரும்" என்றார் அவனுடைய அம்மா. எங்கள் பக்கத்தில் இந்த வசனத்தைக் கேட்டால் பெண்ணைப் பெற்றவர்கள் கையிருப்பை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். இவ்வளவு வேண்டும் என்று கேட்டால் அதோடு முடிந்தது. ஒன்றும் வேண்டாம் என்றால் அதற்கு எல்லையே கிடையாது. கொட்டாரத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் அப்பா அன்றிலிருந்து, மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று என்னைத் துளைத்தெடுத்தார். தினமும் போனில் பேசுகிறவள் நான்தானே. அவனுக்குப் பெங்களூரில் ஐடி வேலை. சனி, ஞாயிறு முழுக்க நண்பர்கள் அறையில் கிடந்து கேம் ஆடுவான். டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோல் ஒன்று சொந்தமாக வாங்க வேண்டும் என்று புலம்புவான். அப்போதெல்லாம் அவனை 'அவர்' என்றுதான் சொல்வேன். இப்போது 'அவன்' என்பதே அதிகம்.

தை மாதம் நிச்சயம் நடந்தது. அவன் அக்காவுக்குப் பிரசவம் முடியட்டும் என்று கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினார்கள். அப்பாவோ பங்குனியிலேயே நாகர்கோவிலுக்குப் போய் அந்தக் கன்சோலை வாங்கி வந்துவிட்டார். இப்போதே எதற்கு என்று கேட்டேன். "வெல ஏறிப்போவும் மக்ளே. கல்யாணச் சாமானெல்லாம் முன்னாலயே வாங்கிப் போட்டிரணும்" என்றார். நான் பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பவுனாக வாங்கிப் பூட்டி வைத்த மனிதருக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? தங்கத்தைப் பத்து வருஷம் பூட்டி வைத்தாலும் தங்கம்தான். இதையும் அப்படியே நினைத்தார். விலையும் ஏறக்குறைய ஒரு பவுன் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் பழைய வேட்டியில் சுற்றி, பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்து, நாலு அந்துருண்டையும் போட்டு பீரோவைப் பூட்டினார்.

விலை ஏறும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. முன்பெல்லாம் இந்த மாதிரி சாமான்கள் நாள் போகப் போக விலை குறையும். இப்போது கம்பெனிக்காரன் பழைய மாடலுக்கும் விலையை ஏற்றுகிறான், அது பழகுவதற்குள் புது மாடலையும் இறக்கிவிடுகிறான். எப்படிப் பார்த்தாலும் பணம் அவன் பைக்குத்தான் போகிறது. ஆனால் அவன் யாவாரி, அவன் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான்.

ஆனி மாதம் ஜாக்கெட் அளவு விஷயமாக அவனுடைய அம்மா வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு வாய் நிற்கவில்லை. பீரோவைத் திறந்து பெட்டியைக் காட்டிவிட்டார். அந்த அம்மா அதைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். சாயங்காலமே எனக்குப் போன் வந்தது.

"இது பழைய மாடலாச்சே" என்றான்.

"பெட்டியே இன்னும் பிரிக்கலியே."

"பிரிச்சா என்ன, பிரிக்காட்டா என்ன? புதுசு வந்தாச்சில்லா."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். படம் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருக்குமாம். எவ்வளவு தெளிவு என்று விடாமல் கேட்டேன். "ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா தெரியும்" என்றான். அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு பெட்டி வாங்க வேண்டும் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, "புது மாடல் வேண்டாம்னு உங்க அம்மாட்ட நீங்களே சொல்லிருங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே. உங்க அப்பா ஆசப்பட்டுத் தாராரு. வேண்டாம்னா அவரு மனசு கஷ்டப்படாதா?"

அப்பாவின் மனசுமீது என்ன ஒரு அக்கறை. அதற்குள் அவனுடைய அம்மா அப்பாவிடம் போனில் புது மாடல் பேச்சை எடுத்துவிட்டார். அந்தப் புது மாடல் நம் நாட்டுக் கடைகளில் விற்பனைக்கே வரவில்லை. துபாயில் இருக்கும் என் மாமாவிடம், வருகிற யாரிடமாவது ஒன்று கொடுத்துவிடச் சொல்லி அப்பா கெஞ்சினார். இருபது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத மாமா அவர். கையில் இருக்கிற பெட்டியை சீல் உடையாமல் கொண்டு வந்தால், விலையைக் குறைத்து எடுத்துக்கொள்வதாக நாகர்கோவில் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அல்ல. நடந்துவிடுமே என்றுதான். அடுத்த வருஷம் இன்னொரு மாடல் வரும். தீபாவளிக்கு ஒரு போன் வரும், பொங்கல்படி சீர் கொண்டு போகும்போது ஒரு பேச்சு வரும். அப்பா ஆயுசு முழுக்க மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார், நான் அந்த வீட்டில் தலையைக் குனிந்துகொண்டே சோறு தின்ன வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குக் கொண்டு போவதற்காகப் பெட்டியை அப்பா மேஜைமேல் எடுத்து வைத்திருந்தார். அப்போது அவனுடைய அம்மா கூப்பிட்டார். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். "அதுக்கென்ன, தாராளமா மாத்திரலாம், நான் இப்பம் கடைக்குத்தான் கிளம்புகேன்" என்று அவர் குழைந்ததைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுக்களைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்து சீலை ஒரே இழுப்பில் அறுத்தேன்.

"ஏட்டி, ஒனக்கு கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று அம்மா ஓடி வந்தாள்.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார். "மக்ளே, சீலு போனா கடைக்காரன் எடுக்க மாட்டானே."

"எடுக்காண்டாம்."

"அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"இது போரும்னா வரட்டும். போராதுன்னா வராண்டாம்." கத்தியைப் பெட்டி மேலேயே வைத்தேன். போனுக்குள் அந்த அம்மா, "அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனிலிருந்து கையை எடுத்தார்.

"பெட்டிய எனக்க மக பிரிச்சிட்டா. எங்கள்ட்ட இதுதான் உண்டு. வேற மாத்தித் தர முடியாது."

"அப்பம் கல்யாணம்?" என்றார் அந்த அம்மா.

"அத உங்க மகன்ட்ட கேளுங்க" என்று அப்பா போனை வைத்துவிட்டார்.

மகன் என்ன சொன்னான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வெட்கத்தை விட்டு இரண்டாவது முறையும் கூப்பிட்டேன். ஒரு வாரம் கழித்து வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி வந்தது.

"பெட்டிய என்னத்துக்குப் பிரிச்ச?"

ஆறு மாதம் தினமும் பேசியவன், கடைசியாக என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.