நான் மொழிபெயர்க்காமல் விட்ட சொல்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் எனக்கு வேலை கிடைத்தது. இரும்பை உருக்கிப் பம்புகளுக்கான மேலுறைகளை வார்க்கும் இடம். வெளிநாட்டுக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதும், ஆட்கள் வந்தால் அவர்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொல்வதும் என் வேலை. எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பா வேலை பார்த்த மில்லை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

முதலாளி அவிநாசிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துக்காரர். தன் கிணற்று மோட்டாரைத் தானே கழற்றி மாட்டப் போய், அந்த வேலையே பிடித்துப்போய் ஃபவுண்டரி போட்டவர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். 'முடியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நன்கொடை கேட்டு வந்தாலும், மகனுக்கு வேலை கேட்டு வந்தாலும், "பார்க்கலாங்க" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று வந்தவர்களுக்கும் தெரியும். காப்பியைக் குடித்துவிட்டு மனம் நோகாமல் போவார்கள்.

ஆவணி மாதம் ஒரு ஜெர்மனிக்காரர் வந்தார். பம்பு செய்யும் கம்பெனிக்குச் சரக்கு வாங்குகிறவர். மாதிரி உறைகளைத் தட்டிப் பார்த்தார், அளந்து பார்த்தார், திருப்தியோடு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். ஆங்கிலம் அவருக்கும் படித்து வந்த மொழிதான். சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பேசுவார்.

"எட்டு வாரத்தில் முழுச் சரக்கும் கப்பல் ஏறுமா?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். முதலாளி, பக்கத்தில் நின்ற ஃபவுண்டரி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். நடுவில் தீபாவளி வருகிறது, ஆட்கள் ஊருக்குப் போனால் பத்து நாளைக்குத் திரும்ப மாட்டார்கள். இருப்பதோ ஒரே உலை. கரண்டும் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. எட்டு வாரத்தில் ஆகாது என்று அந்த அறையில் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி சிரித்த முகமாகச் சொன்னார்: "பார்த்துப் பண்ணிப்போடலாங்க."

நான் ஆங்கிலத்தில், "செய்து தருகிறோம்" என்றேன்.

'பார்த்து' என்ற சொல்லை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. அதைச் சொன்னால் ஜெர்மனிக்காரர் தயங்குவார், என்னால் ஆர்டர் போனது என்றாகிவிடும் என்ற பயம். அவர் தன் நோட்டில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார்.

எட்டாவது வாரம் முடிந்தபோது பாதிச் சரக்குக்கூட ஆகவில்லை. என்ன நிலவரம் என்று கேட்டு வந்த ஃபேக்ஸ்களுக்கு, "வேலை நல்லா நடக்குதுன்னு எழுது அம்மணி" என்பார் முதலாளி. நானும் அப்படியே எழுதினேன். கடைசியாக வந்த ஃபேக்ஸில் ஒரே வரிதான் இருந்தது. வியாழக்கிழமை நேரில் வருகிறேன்.

வந்தார். காப்பியைத் தொடவில்லை. நேராக ஷெட்டுக்குள் போய், அடுக்கியிருந்த உறைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலாளி பயணம் எப்படி இருந்தது, பிள்ளைகள் நலமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் முதலாளியின் முகத்தைப் பார்த்து, "நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள்" என்றார்.

முதலாளியிடம் அந்த வார்த்தையை யாரும் நேருக்கு நேர் சொல்லி இருக்க மாட்டார்கள். "சரக்கு தாமதமானதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தங்க, அங்கே அவருக்கு மேலே இருக்கறவங்க கேட்கறாங்களாமுங்க..." என்று இழுத்தேன்.

ஜெர்மனிக்காரர் கையை உயர்த்தினார். "நான் சொன்னது சின்ன வாக்கியம். நீ நிறையப் பேசுகிறாய். நான் சொன்னதை மட்டும் சொல்."

முதலாளியும் என்னைப் பார்த்தார். "என்னங்கறார்? சொல்லு அம்மணி."

சொன்னேன்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மெதுவாக எழுந்து, மேஜை மேலிருந்த கண்ணாடியை எடுத்துப் பைக்குள் வைத்தார். "ஊட்டுல இலை போட்டிருக்குது. சாப்பிட வரச் சொல்லுங்க" என்றார். என்னை அவர் அதுவரை 'சொல்லுங்க' என்றதில்லை. வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றேன். ஜெர்மனிக்காரர் மறுத்துத் தலையாட்டினார். "பிரச்சினை முடியாமல் அவர் வீட்டில் நான் சாப்பிட மாட்டேன். அது நேர்மை இல்லை."

இதைப் போய் எப்படிச் சொல்வது? பொய் சொன்னீர்கள் என்றதைக்கூட முதலாளி பொறுப்பார். வீட்டில் இலை போட்ட பிறகு சாப்பிடாமல் போனால் அதோடு எல்லாம் முடிந்தது. ஜெர்மனிக்காரர் டிரைவரைக் கூப்பிட எழுந்தார். கார் கிளம்பினால் என் வேலையும் போகும், உள்ளே மண்ணில் உட்கார்ந்து அச்சு எடுத்துக்கொண்டிருந்த முப்பது பேருக்கும் வேலை இருக்காது.

"அவர் பொய் சொல்லவில்லை" என்றேன். "'பார்த்து' என்று ஒரு சொல்லும் சேர்த்துச் சொன்னார். முடியாது என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நான் அதை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன்."

அவர் நின்றார். "அப்படியானால் ஏன் நேராக முடியாது என்று சொல்லவில்லை?"

வாசலுக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் விட்ட சொல்லையும் சொன்னேன்.

"அத்தனை தூரத்திலிருந்து நம்மளத் தேடி வந்த மனுசங்க. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிங்க சொல்றது?"

"அவருக்கு அதுல வருத்தம் இல்லீங்க ஐயா. முடியாதுன்னு சொன்னா கணக்குப் போட்டு வேற ஏற்பாடு பண்ணிக்குவாருங்க. முடியும்னு நம்பி இருந்ததுதான் அவருக்கு அவமானமாப் போச்சுங்க."

"முடியாதுன்னா அவருக்கு மரியாதையா?"

"ஆமாங்க."

அவர் நம்பவில்லை. ஆனாலும் உள்ளே வந்தார். உட்காராமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காகக் காத்திருக்காமல், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தானே சொன்னார்: "எய்ட் வீக்ஸ், நோ. நாட் பாசிபிள்." பிறகு என்னிடம், "மிச்சத்துக்கு இன்னும் ஆறு வாரம் வேணும்னு சொல்லுங்க. அதுக்குக் கம்மின்னா நோ."

ஜெர்மனிக்காரர் நோட்டைத் திறந்து, பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதி முடிக்கும் வரை அறையில் யாரும் அசையவில்லை. நோட்டை மூடினார். "மிச்சம் முழுவதற்கும் ஆறு வாரம் என்றால் எனக்கு ஒத்து வராது. மிச்சத்தில் பாதியை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். மீதியை ஆறு வாரத்தில் நீங்கள் கொடுங்கள்" என்றார். பிறகு கை கழுவ எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.

முதலாளி வீட்டில் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு போட வந்த முதலாளியின் மனைவியிடம் கையைக் காட்டி "நோ" என்றார். அந்த அம்மா திகைத்து என்னைப் பார்த்தார். "போதுமாமுங்க" என்றேன். முதலாளி தலையைக் குனிந்து சிரித்ததை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தேன்.

என்னிடம் மட்டும் அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அவர் வாயில் அந்த அன்பான 'அம்மணி' வரவே இல்லை. வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே போனேன். எடுக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரம் உலையில் ஒரு கோளாறு வந்தது. இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று மேஸ்திரி சொன்னார். அன்றைக்குக் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, அவருக்கு இப்பவே எழுதிப்போடு."

அந்த ஃபேக்ஸை எழுத மத்தியானம் ஆகிவிட்டது. முதல் வரியில் பிள்ளைகள் நலமா என்று கேட்கவேண்டும் என்றார். அவர்களுக்கு அதெல்லாம் வேண்டாமுங்க, நேராக விஷயத்தை எழுதலாம் என்றேன். "அவருக்கு வேண்டாம்னா உடட்டும். எனக்கு வேணும்" என்றார். அப்படியே எழுதினோம். உலை கெட்டதும் ஒரு வாரத் தாமதமும் அதற்கு அடுத்த வரியில்.

சாயங்காலமே பதில் வந்தது. இரண்டே வரி. பிள்ளைகள் நலம், சின்னவளுக்கு மட்டும் சளி. ஒரு வாரம் பரவாயில்லை.

முதலாளி அதை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். "சளிக்கு என்ன குடுக்கறாங்கன்னு கேட்டு எழுது அம்மணி" என்றார்.