கார்கில் புலியும் கரண்டியும்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், வாழைக்கு முட்டுக் கொடுக்கக் கயிறு வாங்கலாம் என்று பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே பன்னிரண்டு அடி உயரத்துக்கு நானே நின்றுகொண்டிருந்தேன். பிளெக்ஸில்தான். முகம் என்னுடையது, மச்சினன் மகள் கல்யாணத்தில் எடுத்தது, நெற்றியில் சந்தனம்கூட அப்படியே இருந்தது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு இளந்தாரியின் உடம்பு, கையில் துப்பாக்கி. பின்னால் பனிமலை, ஒரு டாங்கி, காரணமே இல்லாமல் ஒரு புலி. ‘கார்கில் புலியே வருக’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே விழாக் குழுவினர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாகக் கும்பிட்டார்கள். யாருக்காக ஊரில் நினைவுத்தூண் எழுப்புகிறார்களோ அவன் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தான்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் இடையில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. போரில் இறந்தவன் அந்த ஒருவன்தான். அவனும் நானும் ஒரே பட்டாலியனில், ஒரே மலையடிவாரத்தில் இருந்தோம். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு ஊர் என்னைப் புலியாக்கிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தால் காது முதலில் சிவக்கும். சிவந்த காதோடு விழாக் குழுத் தலைவரின் பலசரக்குக் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, இது என்ன கூத்து?”

அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே, “ஏன்வே, நல்லாத்தான இருக்கு? தொப்பை தெரியாமப் பண்ணச் சொல்லி நாந்தான் சொன்னேன்” என்றார்.

“யாருக்குத் தூண் கட்டுதியளோ அவன் படம் கண்ணுக்கே தெரியல. அதுல எனக்கெதுக்குப் புலி?”

“அவன் படம் பழைய கல்யாணப் படம் ஒண்ணுதான் கிடைச்சுது வே. பெருசாக்குனா மங்குதாம். உம்ம படம்னா என் செல்லுலயே கெடக்கு. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாவ, அந்த பிளெக்ஸ் எத்தனை நாளைக்கு நிக்கப் போவுது? பைய இரும்.”

பைய இருக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. நான் பட்டாளத்தில் இருபது வருஷம் சமையல்காரன்.

போருக்குப் போனவனா என்றால் போனவன்தான். குண்டுச் சத்தம் கேட்கக் கேட்க முந்நூறு பேருக்குப் பூரி போட்டவன். துப்பாக்கியும் பழகியிருக்கிறேன், பட்டாளத்தில் முடி வெட்டுகிறவருக்கும் அது உண்டு. ஆனால் கையில் எப்போதும் இருந்தது கரண்டி. அங்கே இருந்தவரை அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பனியில் விறைத்து இறங்கி வருகிறவன் முதலில் தேடுவது தளபதியை அல்ல, என்னைத்தான்.

வெட்கம் ஊருக்கு வந்த பிறகு வந்தது. ஓய்வு பெற்று வந்த முதல் நாள் டீக்கடையில், “எத்தனை பேரைச் சுட்டீரு?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தேன். “அதெல்லாம் ரகசியம், சொல்லக் கூடாதுலா” என்று அவர்களே முடிவுகட்டினார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து இடது கையில் ஒரு தழும்பு உண்டு. அது துப்பாக்கிக் குண்டு உரசிய தழும்பாகிவிட்டது. மீசையை நான் முறுக்கியதில்லை, அது தானாகவே அப்படி வளரும். நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். சும்மா இருந்தே ஒரு மனுஷன் இவ்வளவு பொய் சொல்லலாம் என்பது அப்போது தெரியவில்லை.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். நல்ல தவசுப்பிள்ளை கைப் பக்குவத்தைப் பத்து வருஷம் பேசுவார்கள், பந்தியில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். புலி என்ற பட்டம் இருக்கும்போது ரசத்துக்கு உப்புப் பார்க்கக் கூப்பிடுகிற ஆளாக மாற எனக்கு மனசு வரவில்லை. அதனால் வீட்டில் அடுப்படிப் பக்கமே போகமாட்டேன். மனைவி வைக்கும் சாம்பாரில் பெருங்காயம் கூடிப்போனால் நாக்கு துடிக்கும். கடித்துக்கொள்வேன்.

தூண் வேலை பள்ளிக்கூடத்துக்கு எதிரே நடந்தது. தூணின் மேல் ஒரு வீரன் சிலை வேண்டும் என்று கோபுரத்துக்குப் பொம்மை செய்கிற ஸ்தபதியைப் பிடித்து வந்திருந்தார்கள். அவர் வாழ்நாளெல்லாம் காவல் தெய்வமாகச் செய்து பழகிய கை. வீரனுக்குக் கண்ணை உருட்டி, மீசையைக் காது வரைக்கும் இழுத்து, நாக்கை மட்டும் வெளியே தள்ளாமல் விட்டுவைத்தார். துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு அரிவாளைக் கொடுத்தால் கோயிலில் வைக்கலாம். குழுவில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. “பட்டாளத்துக்காரன் மாதிரி இல்லையே” என்றார். ஸ்தபதி என்னைக் காட்டி, “அண்ணாச்சி மீசையப் பாத்துத்தான் செஞ்சேன்” என்றார். குழு அப்படியே ஒப்புக்கொண்டது. சிமெண்டு காய்வதற்குள் யாரோ அதன் காலடியில் சூடம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது, திறப்பு விழாவுக்கு அவன் மனைவி வருகிறாள் என்று கடைக்காரர் சொன்னதுதான். “அவனப் பத்தி நீருதான் பேசணும். கூட இருந்தவரு நீரு ஒருத்தருதான” என்றார். ஏரலில் அவள் பள்ளி ஆசிரியை. அவனோடு சேர்ந்து வாழ்ந்தது ஐம்பது நாள்கூட இராது. டீக்கடையில் வாய் மூடி உட்கார்ந்து புலியாகிவிடலாம். அந்தப் பெண்ணின் முன்னால் மைக்கைப் பிடித்து, கையில் துப்பாக்கியோடு அவன் பக்கத்தில் நின்றவன்போலப் பேசினால் நான் மனுஷனே இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கே ஊர் சிரிக்கும். காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும் என்று மூன்று நாள் ஆற்றில் கூடுதல் நேரம் குளித்துப் பார்த்தேன். தாமிரபரணித் தண்ணீர் உடம்பை இன்னும் திடமாக்கியதே ஒழிய ஒரு தும்மல்கூட வரவில்லை.

விழா அன்று காலையிலேயே வெயில் சுள்ளென்று இருந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டை, வரிசையாக மெடல்கள். நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களை நாடு எப்படி நினைக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒழுங்கான முறை இருந்தது: முதலில் சிலை திறப்பு, பிறகு மலர்வளையம், பிறகு இரண்டு நிமிடம் மௌனம். துணியை இழுத்தார். உருட்டிய கண்ணோடு வீரன் வெளியே வந்ததும், முன்வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை எடுத்துக் கும்பிட்டுக் குலவை போட்டுவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, துணி விலகிச் சாமி தெரிந்தால் அவர்கள் வாய் தானாகக் குலவை போடும். கர்னல் திகைத்துப்போய்க் கையில் மலர்வளையத்தோடு நின்றார். பிறகு மௌனம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊர் பிறந்ததிலிருந்து இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் சும்மா இருந்ததில்லை. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு செல்போன் பக்திப் பாடல் பாடின. கர்னல் மட்டும் கண்ணை மூடி அசையாமல் நின்றார். அவரைப் பார்க்க எனக்கு மரியாதையாக இருந்தது.

மேடையில் அவன் மனைவி எனக்குப் பக்கத்து நாற்காலி. நரைத்த தலை, சாயம் போகாத நூல் சேலை. கர்னல் பேசிக்கொண்டிருந்தார்: எத்தனை அடி உயரம், எந்தத் திசையிலிருந்து எதிரி சுட்டான், எப்படி மேலே ஏறினார்கள். அவள் என் பக்கம் குனிந்தாள்.

“அண்ணாச்சி, நீங்க அவியகூட இருந்தீயளாமே.”

“இருந்தேம்மா.”

“இத்தனை வருசத்துல யாராரோ வந்து மலையப் பத்திச் சொல்லிட்டாவ. உயரம் எனக்கு மனப்பாடம். கடைசியா அவிய என்ன சாப்பிட்டாவன்னு ஒருத்தருக்கும் தெரியல. கேட்டா ஒரு மாதிரிப் பாக்காவ. உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாய் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் ‘கார்கில் புலி’ என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். கைதட்டல் அடங்கவில்லை. மைக்கின் முன்னால் போய் நின்றேன். எழுதி வைத்திருந்த காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. 

“நான் புலி இல்ல” என்றேன். “பட்டாளத்துல சமையக்காரன். ஒருத்தனையும் சுட்டதில்ல. இந்தத் தழும்பு அடுப்பு வெடிச்சது. அந்தத் தங்கச்சி இப்ப என்கிட்ட ஒண்ணு கேட்டுது, அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உக்காந்துக்கிடுதேன்.”

பிறகு ஊரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் சமையல்கூடத்துக்கு வந்தான். விடியுமுன் மேலே ஏற வேண்டும். எல்லாருக்கும் பூரியும் கிழங்கும். அவன் மட்டும், “அண்ணாச்சி, சொதி வைக்க முடியுமா?” என்று கேட்டான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு அது. மாமியார் வீட்டில் சாப்பிட்டது நாக்கிலேயே இருக்கிறது என்றான். ஏலே, இந்த மலையில் தேங்காய்க்கு நான் எங்கே போவேன் என்று திட்டினேன். திட்டிவிட்டு வைத்தேன். தேங்காய்ப்பாலுக்குப் பால்பவுடர், முருங்கைக்காய்க்குப் பதில் டின் பட்டாணி, உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு. அவசரத்தில் இஞ்சிச் சாற்றைக் கொதிக்கும்போதே ஊற்றிவிட்டேன். பால் திரிந்துபோனது. முந்நூறு பேருக்குச் சமைத்தவன், ஒருவனுக்கு வைத்ததைக் கெடுத்துவிட்டேன். கொட்டப் போனவனை அவன் விடவில்லை. சோற்றில் ஊற்றி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

“சாப்பிட்டுட்டு ஒண்ணு சொன்னான்மா. ‘எம் பொண்டாட்டி வச்சாலும் இப்படித்தான் திரிஞ்சிருக்கும் அண்ணாச்சி, அவளுக்குச் சமைக்கத் தெரியாது’ன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான். வயிறு நெறஞ்சுதான் போனான்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்தான், ஆனால் தோள் குலுங்கியது சிரிப்பில். “எனக்கு அப்ப சுத்தமாத் தெரியாது” என்று பக்கத்திலிருந்த கர்னலிடம் சொன்னாள். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஊர் இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் இருந்தது, யாரும் அறிவிக்காமலே.

சிரிப்பார்கள் என்று பயந்தேனே, மறுநாள் சிரிக்கவும் சிரித்தார்கள். கடைக்காரர், “இருவது வருசமா வெளிய தவசுப்பிள்ளை தேடுதோம், உள்ளூர்லயே ஒளிஞ்சுகெடந்திருக்கீரே” என்று கோயில் கொடை விழாச் சாப்பாட்டை என் தலையில் கட்டிவிட்டார். பிளெக்ஸைக் காற்று கிழிப்பதற்கு முன் நானே கழற்றி வாழைக்கு மறைப்பாகக் கட்டினேன். வீட்டுக்காரி மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, “இதத் தின்னுட்டு இத்தனை வருசம் வாயத் தொறக்காம இருந்தீயளே, அதுக்குத்தான் ஒரு மெடல் குடுத்திருக்கணும்” என்றாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசிரியை பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு பால்பவுடர் பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

“தேங்காப்பால் சொதி நான் இப்ப நல்லா வைப்பேன் அண்ணாச்சி. எனக்கு அது வேண்டாம். அன்னைக்கு வச்ச மாதிரியே வைங்க.”

வைத்தேன். இஞ்சிச் சாற்றைக் கொதிக்கும்போதே ஊற்றினேன். தெரிந்தே ஒரு பதார்த்தத்தைக் கெடுத்தது அன்றைக்குத்தான். திரிதிரியாக மிதந்ததைச் சோற்றில் ஊற்றி முன்னால் வைத்தேன். அவள் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடி மென்றாள்.

“நல்லாவே இல்ல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தி, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றாள்.